24-ம் என் சிவப்புப் பேனாவும்

நான் படிக்கிறது பி.காம். திருவாமாத்தூர்ல எங்க வீட்டுத் திண்ணையில சாயங்காலம் நாலஞ்சு பிள்ளைங்களுக்கு டியூஷன் எடுக்கிறேன். பஸ் செலவுக்கு ஆகும். அதனால எனக்குக் கணக்கு நல்லா வரும்னு தெருவுல ஒரு (மூட)நம்பிக்கை.

போன வாரம், 24-ஐ எத்தனை விதமா பெருக்கலாப் பிரிக்கலாம்னு கேட்டிருந்தேன். நான் நினைச்ச விடை 4. அதாவது 1×24, 2×12, 3×8, 4×6. ஏழாவது படிக்கிற ஒரு பொண்ணு 7-னு எழுதியிருந்தா. மேல படிக்காமலே சிவப்புப் பேனாவால அடிச்சுட்டேன். அவ ஒண்ணும் பேசல. நோட்டை வச்சுட்டுப் போனவ மறுநாள் வரவே இல்ல.

அன்னிக்கு ராத்திரிதான் நோட்டைப் பிரிச்சேன். 24, 2×12, 3×8, 4×6, 2×2×6, 2×3×4, 2×2×2×3. ஏழேதான்! 1 வேண்டாம், வரிசை மாறினா புதுசு இல்ல, 24 தனியாவும் நிக்கலாம். விதியெல்லாம் அவளே போட்டிருக்கா. ரெண்டு ரெண்டா மட்டும்தான் பிரிக்கணும்னு நான் எங்கே சொன்னேன்?

தூக்கம் போச்சு. 2-ன் அடுக்குகளைப் போட்டுப் பார்த்தேன். 4-க்கு 2 வழி, 8-க்கு 3, 16-க்கு 5, 32-க்கு 7, 64-க்கு 11. 16-ங்கிறது நாலு ரெண்டு. அந்த நாலை 4, 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1-னு கூட்டலாப் பிரிக்கிற அதே கணக்குதான் இது. அட, நம்ம ராமானுஜன் ஏரியா! ஹார்டியோட சேர்ந்து 1918-ல இதுக்குச் சூத்திரம் கொடுத்தவர். 4-லயோ 9-லயோ முடியிற எண்ணைக் கூட்டலாப் பிரிக்கிற வழிகள் எப்பவும் 5-ஆல வகுபடும்னு காட்டினதும் அவர்தான். 9-க்கு 30 வழி, அதனால 512-ஐப் பெருக்கலாப் பிரிக்கவும் 30 வழி.

24-ல மூணு ரெண்டும் ஒரு மூணும் கலந்திருக்கு. அதே கலவை உள்ள 40-க்கும் 54-க்கும் 7 வழிதான். எண் பெருசா சின்னதாங்கிறது முக்கியமே இல்ல.

நமக்குப் பக்கத்துல இருக்கிற திருக்கோவிலூருக்கு 1910-ல ராமானுஜன் வேலை கேட்டு வந்தார், கையில நோட்டோட. அங்கே டெபுடி கலெக்டரா இருந்த ராமசாமி ஐயர் இந்தியக் கணிதக் கழகத்தைத் தொடங்கினவர். அவர் நோட்டைத் திறந்து பார்த்தார். நான்?

காலையில அவ வீட்டுக்கே போனேன். என் கோட்டை அடிச்சு, சரின்னு போட்டுக் கொடுத்தேன்.

"அப்ப 36-க்கு எத்தனைண்ணா?"

வாசப்படியிலயே உட்கார்ந்து ரெண்டு பேரும் போட்டோம். எனக்கு 8, அவளுக்கு 9. நான் 6×6-ஐ விட்டிருந்தேன்.

சிவப்புப் பேனாவைக் கேட்டா. கொடுத்தேன்.