எதிரே உட்கார ஒருவர்: வைட்ஃபீல்ட் செஸ் குறிப்புகள்

பெங்களூரு வைட்ஃபீல்டின் பல குடியிருப்புகளில் நீச்சல், கீபோர்டு, பரதநாட்டிய வகுப்புகளோடு இப்போது செஸ் வகுப்பும் நடக்கிறது. 2024 டிசம்பர் 12 அன்று குகேஷ் சிங்கப்பூரில் டிங் லிரெனை 7.5–6.5 என்று வென்று, 18 வயதில் உலக சாம்பியன் ஆனார். அதற்குப் பிறகு லிஃப்டில்கூட செஸ் பேச்சுதான். மனத்துக்கு நிறைவாக இருக்கிறது. ஒரே கவலை: வகுப்பு முடிந்ததும் பிள்ளைகள் காய்களைப் பையில் போட்டுக்கொண்டு போய்விடுகிறார்கள். கற்றதை யாரோடு ஆடிப் பார்ப்பது? பெரும்பாலும் போனில், முகம் தெரியாத ஒருவரோடு.

*

தமிழ்நாட்டு செஸ்ஸின் கதை ஒரு கிளப்பின் கதையும்கூட. 1961இல் இந்தியாவின் முதல் இன்டர்நேஷனல் மாஸ்டர் ஆனவர் மானுவல் ஆரோன். அவருடைய முயற்சியால் 1972இல் சென்னையில், சோவியத் கலாசார மையத்தில் டால் செஸ் கிளப் தொடங்கியது. முன்னாள் உலக சாம்பியன் மிகைல் டாலின் பெயர். அங்கே பிளிட்ஸ் ஆட்டத்தில் ஜெயித்தவர் போர்டிலேயே இருப்பார்; தோற்றவர் எழுந்து அடுத்தவருக்கு இடம் விடவேண்டும். மறுபடி ஆட வேண்டுமானால் காத்திருக்க வேண்டும். அப்படிக் காத்திருந்து ஆடிய சிறுவர்களில் ஒருவர் விஸ்வநாதன் ஆனந்த். 1988இல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனார். இன்று நாட்டில் 80க்கும் மேற்பட்ட கிராண்ட்மாஸ்டர்கள்.

*

கர்நாடகத்துக்கு முதல் கிராண்ட்மாஸ்டர் கிடைத்தது 2017இல்: மைசூரைச் சேர்ந்த தேஜ்குமார். 2022இல் பெங்களூருப் பையன் பிரணவ் ஆனந்த், 15 வயதில் அந்தப் பட்டம் பெற்றார். இந்த ஊரில் திறமைக்குக் குறைவில்லை, வசதிக்கும் குறைவில்லை. தினமும் போய் உட்காரும்படியான பொது இடம்தான் குறைவு என்பது என் எண்ணம்.

*

போட்டி முடிந்த பிறகு நடப்பதைப் பெற்றோர்கள் கவனிக்க வேண்டும். இரண்டு பேரும் கை குலுக்கி, காய்களைத் திரும்ப அடுக்குவார்கள். “இங்க குதிரையை எடுத்திருந்தா?” “எடுத்திருந்தா நான் யானையைக் கொண்டுவந்திருப்பேன்.” சற்றுமுன் எதிரியாக இருந்தவன், தான் பயந்த இடத்தையே காட்டிக்கொடுக்கிறான். ஜெயித்தவனே தோற்றவனுக்கு வாத்தியார். இந்தப் பண்பாட்டை எந்தச் செயலியும் கற்றுத் தராது.

*

ஆனந்துக்குக் காய் நகர்த்தச் சொல்லிக்கொடுத்தவர் அம்மா சுசீலா. குடும்பம் மணிலாவில் இருந்தபோது, மகன் பள்ளியில் இருக்கும் நேரத்தில் டிவியில் வரும் செஸ் புதிர்களைக் குறித்துவைத்துக்கொள்வார். மாலையில் இருவருமாக விடை தேடுவார்கள். பிரக்ஞானந்தா, வைஷாலியின் அம்மா நாகலட்சுமி வெளிநாட்டுப் போட்டிகளுக்கு ரைஸ் குக்கரோடு போகிறவர். அக்காவும் தம்பியும் கிராண்ட்மாஸ்டர்களாக இருக்கும் முதல் குடும்பம் அது. சாம்பியன்களின் பட்டியல் போடுகிறவர்கள் இந்த அம்மாக்களையும் சேர்த்துப் போடவேண்டும்.

*

குதிரை இந்த மண்ணில் கவிதைக்குள்ளும் பாய்ந்திருக்கிறது. வேதாந்த தேசிகரின் பாதுகா சகஸ்ரத்தில் இரண்டு சுலோகங்கள். முதல் சுலோகத்தின் 32 எழுத்துகளை நாலு வரிசை, எட்டுக் கட்டமாக எழுதி, குதிரை போகும் வழியில் படித்தால் இரண்டாவது சுலோகம் வரும். மைசூர் மன்னர் மும்மடி கிருஷ்ணராஜ உடையார் வேறு வழியில் போனார். 1831இல் ஆங்கிலேயர் ஆட்சிப் பொறுப்பை எடுத்துக்கொண்ட பிறகு அவர் கலைகளிலும் பலகை விளையாட்டுகளிலும் மூழ்கினார். எந்தக் கட்டத்தையும் இரண்டு முறை மிதிக்காமல் குதிரை பலகை முழுவதும் சுற்றிவரும் வழிகளை வகுத்தார். இந்தியப் பிள்ளைக்கு செஸ் சொல்லித் தரும்போது இந்த இருவரையும் சொல்லவேண்டும்.

*

“ரேட்டிங் எவ்வளவு?” வைட்ஃபீல்டில் செஸ் ஆடும் குழந்தையிடம் பெரியவர்கள் கேட்கும் முதல் கேள்வி. ரேட்டிங், போட்டியில் யாரோடு யார் மோதுவது என்று முடிவுசெய்ய உதவும் எண். 2024 மார்ச்சில் உலக செஸ் சம்மேளனம் அதன் அடிமட்டத்தை 1000இலிருந்து 1400க்கு உயர்த்தியது. ஒரே நாளில் ஆயிரக்கணக்கான பிள்ளைகளின் எண் ஏறியது. ஆட்டம் அப்படியேதான் இருந்தது. “இன்னிக்கு எந்த ஆட்டம் ரொம்பப் பிடிச்சிருந்துச்சு?” என்று கேட்டுப் பாருங்கள். குழந்தை போர்டை எடுத்துவந்து காட்டும். பார்க்கத் தெரியாவிட்டாலும் உட்கார்ந்து பாருங்கள்.

*

கேரளத்தில் திருச்சூர் பக்கம் மரோட்டிச்சால் என்று ஒரு கிராமம். சாராயமும் சூதாட்டமும் ஊரைச் சீரழித்த காலத்தில், உண்ணிகிருஷ்ணன் என்பவர் தன் டீக்கடையில் செஸ் போர்டை விரித்தார். வந்தவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தார். ஊரே செஸ் ஆடும் ஊராகிவிட்டது. அங்கே அகாடமியும் இல்லை, ஏசி அறையும் இல்லை. டீக்கடை பெஞ்சு போதுமானதாக இருந்தது.

*

வைட்ஃபீல்டு 1882இல் ஆங்கிலோ-இந்தியர்களுக்காக அமைந்த குடியேற்றம். அன்றிலிருந்து வந்து சேர்பவர்களின் ஊர். இன்று கன்னடம், தமிழ், தெலுங்கு, இந்தி, ஒடியா, வங்காளம் எல்லாம் ஒரே கேட்டுக்குள் கேட்கின்றன. செஸ் ஆட இவற்றில் எதுவும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஆனால் வகுப்புக் கட்டணம் கட்ட முடிந்த பிள்ளைகள்தான் இப்போது ஆடுகிறார்கள். காவலாளியின் மகனும், சமையலுக்கு வரும் அக்காவின் மகளும் கண்ணாடிக் கதவுக்கு வெளியே இருக்கிறார்கள்.

*

குடியிருப்புச் சங்கங்களில் இருக்கும் நண்பர்களுக்கு என் வேண்டுகோள் இது. ஞாயிற்றுக்கிழமை மாலை, கிளப் ஹவுஸில் நாலு ரெக்சின் போர்டு விரியுங்கள். கட்டணம் வேண்டாம், ரேட்டிங் கேட்க வேண்டாம், வயது கேட்க வேண்டாம். ஜெயித்தவர் உட்காரட்டும், தோற்றவர் எழுந்து இடம் விடட்டும். அங்கே வேலை செய்கிறவர்களின் பிள்ளைகளை நீங்களே போய்க் கூப்பிடுங்கள். கூப்பிடாமல் அவர்கள் உள்ளே வரமாட்டார்கள்.