பெரம்பலூருக்குச் சிவப்பு அடித்தவன்

மசாலாப் பொடி விற்கும் ஒரு நிறுவனத்தில் டாஷ்போர்டு செய்து கொடுப்பது என் வேலை. பவர் பிஐ-யில் தமிழ்நாட்டு மேப்பைப் போட்டு, ஒவ்வொரு மாவட்டத்துக்கும் விற்பனைக்கு ஏற்ப நிறம் கொடுப்பேன். அந்த மேப் தப்பான படம் காட்டுகிறது என்று எனக்குத் தெரியும். தெரிந்தேதான் வெளியிட்டேன், மாதாமாதம் புதுப்பித்தும் கொடுத்தேன். விவரம் தெரியாமல் நடந்தது என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள எனக்கு வழியில்லை.

முதலில் நான் போட்டது சாதாரண பார் சார்ட். மாவட்டப் பெயர்கள், பக்கத்தில் பட்டைகள், பெரியது மேலே, சிறியது கீழே. பார்த்த அதிகாரி, "நல்லாத்தான் இருக்கு, ஒரு மேப் போட்டா முதலாளிக்குப் பிடிக்குமே" என்றார். போட்டேன். அடுத்த கூட்டத்தில் அதுவரை போனைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள்கூட நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். ஒவ்வொருவரும் தன் மாவட்டம் எங்கே என்று தேடினார்கள். "யாரு செஞ்சது இது?" என்று முதலாளி கேட்டபோது எனக்குக் கிடைத்த சந்தோஷம் சாமானியமானதல்ல. அதற்குப் பிறகு நடந்த எல்லாவற்றுக்கும் அந்தப் பாராட்டை இழக்க மனம் வராததுதான் காரணம்.

ஆரம்பத்தில் வந்த பிழைகளை உடனுக்குடன் சரிசெய்தேன். விற்பனைப் பட்டியலில் சேலம் என்று ஊர்ப் பெயர் மட்டும் இருந்ததால், மென்பொருள் அந்தப் புள்ளியை அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் கொண்டுபோய் வைத்தது. அங்கேயும் ஒரு சேலம் இருக்கிறது, அந்த மாநிலத்தின் தலைநகரே அதுதான். பெயரோடு மாநிலத்தையும் நாட்டையும் சேர்த்துக் கொடுத்ததும் புள்ளி ஊருக்குத் திரும்பியது. 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமானதால், முந்தைய ஆண்டோடு ஒப்பிட்டபோது திருநெல்வேலியின் விற்பனை சரிந்ததுபோல் தெரிந்தது. பழைய கணக்கையும் கடைவாரியாகப் பிரித்து அதையும் நேராக்கினேன். இவையெல்லாம் கண்ணில் படுகிற பிழைகள். கடலுக்கு அப்பால் ஒரு புள்ளி விழுந்தால் யார் வேண்டுமானாலும் கண்டுபிடித்துவிடுவார்கள். நிறத்தில் இருக்கிற பொய்யை யாரும் கண்டுபிடிப்பதில்லை, ஏனென்றால் மேப் பார்வைக்குச் சரியாகத்தான் இருக்கும்.

நான் நிறம் கொடுத்தது மொத்த விற்பனைக்கு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி சென்னையில் 46.47 லட்சம் பேர், பெரம்பலூரில் 5.65 லட்சம் பேர். அன்றிருந்த 32 மாவட்டங்களில் மக்கள்தொகை மிகக் குறைந்தது பெரம்பலூர்தான். ஆள் அதிகம் உள்ள இடத்தில் மசாலாப் பொடி அதிகம் விற்கும் என்று சொல்ல மேப் எதற்கு? ஆள் கணக்கிலோ கடைக் கணக்கிலோ வகுத்துவிட்டு நிறம் கொடுத்திருக்க வேண்டும். ஒரே ஒரு வகுத்தல். ஃபார்முலாவில் ஒரு வரி.

இது புதிதாக யாரும் கண்டுபிடித்த நுட்பமும் அல்ல. பகுதிவாரியாகச் சாயம் பூசிப் புள்ளிவிவரம் காட்டிய முதல் மேப் என்று பொதுவாகச் சொல்லப்படுவது, 1826இல் பிரான்சில் ஷார்ல் துபான் வரைந்தது. அங்கே கல்வி எப்படிப் பரவியிருக்கிறது என்று காட்ட விரும்பிய துபான், மொத்த மாணவர் எண்ணிக்கையைப் போடவில்லை. பள்ளிக்குப் போகும் ஒரு பையனுக்கு எத்தனை மக்கள் என்று வகுத்துப் பார்த்துத்தான் சாயம் பூசினார். கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில் அவர் செய்ததை நான் செய்யவில்லை. அவரைப் பற்றிப் படித்த பிறகும் செய்யவில்லை.

வகுக்காமல் விட்டதோடு நிற்கவில்லை. மொத்த விற்பனைக்கு நேரடியாக நிறம் கொடுத்தால் சென்னை மட்டும் அடர்த்தியாகவும் மீதி மாநிலம் வெளிறியும் தெரிந்தது. போதாக்குறைக்கு, அந்தச் சென்னையே மேப்பில் ஒரு பொட்டு அளவுக்குத்தான் இருக்கும். சென்னையின் மக்கள்தொகையில் பாதிகூட இல்லாத திண்டுக்கல்லின் பரப்பு 6,000 சதுர கிலோமீட்டருக்கும் மேல். சென்னை 2011இல் சுமார் 175 சதுர கிலோமீட்டர்தான். ஆக மேப் எடுப்பாக இல்லை. அதனால் 38 மாவட்டங்களையும் விற்பனை வரிசையில் நிறுத்தி ஐந்து சம பங்காகப் பிரித்தேன். மேல் பங்குக்குக் கரும்பச்சை, கடைசிப் பங்குக்குச் சிவப்பு. மாநிலம் முழுக்க எல்லா நிறமும் பரவி, பார்க்க லட்சணமாக வந்தது.

இப்படிப் பிரித்தால் என்ன ஆகும் என்பதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். கடைசிப் பங்கில் ஏழெட்டு மாவட்டங்கள் எப்போதும் இருந்தே தீரும். எல்லா மாவட்டத்திலும் விற்பனை இரண்டு மடங்கானாலும் அந்த ஏழெட்டும் சிவப்பிலேயே கிடக்கும். மொத்த விற்பனையை வைத்துப் பிரித்தால், மக்கள்தொகை குறைந்த மாவட்டங்களுக்கு அதிலிருந்து மீட்சியே கிடையாது. சிவப்பைத் தேர்ந்தெடுத்ததும் நானே. ஒரே நிறத்தை வெளிறியதிலிருந்து அடர்த்தியானதுவரை கொடுத்திருந்தால், குறைவு என்று மட்டும்தான் படித்திருப்பார்கள். சிவப்பைப் பார்த்தால் தோல்வி என்று படிப்பார்கள். கூட்டத்தில் அது எடுபடும் என்பதற்காகவே வைத்தேன்.

பெரம்பலூரைப் பார்த்துக்கொண்டிருந்த ஏரியா மேனேஜர் என்னைவிட வயதில் மூத்தவர். கூட்டத்தில் அவர் மாவட்டம் மாதாமாதம் சிவப்பாக எழும்பும், அவரை எழுப்பிக் கேள்வி கேட்பார்கள். ஒருநாள் எனக்குப் போன் செய்தார்.

"தம்பி, எங்க மாவட்டம் மொத்தமே நாலு தாலுகாதான். போன வருஷத்தவிட இந்த வருஷம் ஏத்திக் காட்டியிருக்கேன். ஆனா மேப்புல எப்பவும் செவப்பாவே வருதே. ஏதாச்சும் தப்பு இருக்கான்னு பாருங்களேன்."

"டேட்டா அப்படித்தான் சார் வருது" என்றேன்.

நான் சொன்னது பொய். டேட்டாவில் அவர் விற்ற தொகை மட்டும்தான் இருந்தது. எங்கே வெட்டுவது, எந்தப் பங்குக்கு எந்த நிறம் என்பதெல்லாம் நான் உட்கார்ந்து முடிவு செய்தவை. அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே நான் ஒரு பக்கம் வகுத்துப் பார்த்தேன். ஆள் கணக்கில் பெரம்பலூர் மேல் வரிசைக்குப் போனது. அதைத் திரையில் பார்த்துக்கொண்டே, "சரிங்க சார், பாக்குறேன்" என்று போனை வைத்தேன். மறுநாள் போய், இத்தனை மாதம் காட்டிய மேப் தப்பு என்று சொன்னால் என் பெயர் என்ன ஆகும் என்பதுதான் எனக்குப் பெரிதாகத் தெரிந்தது.

அந்த ஆண்டு அவருக்கு இன்சென்டிவ் கிடைக்கவில்லை. அவர் ஏரியாவைத் திருச்சியோடு சேர்க்க முடிவெடுத்த கூட்டத்தில் திரையில் இருந்தது என் மேப்தான். நான் அந்த அறையில் இருந்தேன், வாயைத் திறக்கவில்லை. சில மாதங்களில் அவர் வேலையை விட்டுப் போய்விட்டார்.

அதன் பிறகு வந்த புது அதிகாரியிடம்தான் நடந்ததைச் சொன்னேன். மாவட்ட நிற மேப்பை எடுத்துவிட்டு, பழைய பார் சார்ட்டை ஆள் கணக்கில் வகுத்துப் போட்டேன். மேப் வேண்டிய இடத்துக்கு மட்டும் மேப் வைத்தேன். எங்கள் சரக்கு வாங்கும் கடைகளின் அட்சரேகை, தீர்க்கரேகையைச் சேகரித்துப் புள்ளிகளாக வைத்தபோது, பெரம்பலூர்க் கடைகள் சென்னை - திருச்சி நெடுஞ்சாலையை ஒட்டியே கொத்தாகக் கிடந்தன. சாலையை விட்டு உள்ளே வேப்பந்தட்டை, குன்னம் பக்கக் கிராமங்களில் புள்ளியே இல்லாத இடங்கள் அகலமாகத் தெரிந்தன. எங்கே வண்டி அனுப்ப வேண்டும் என்று சொல்கிற மேப் அது. அந்த மனிதர் இருந்தபோதே நான் செய்து கொடுத்திருக்க வேண்டியது. அந்தக் கிராமங்களைத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான்.

அவருக்குப் போன் செய்து உண்மையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்பவே சொல்லியிருக்கலாமே தம்பி" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. இன்சென்டிவ் திரும்பக் கிடைக்கவில்லை, ஏரியாவும் இன்றுவரை திருச்சியோடுதான் இருக்கிறது.

இதைப் படிக்கிறவர்களில் டாஷ்போர்டைப் பார்த்து முடிவெடுக்கிறவர்கள் இருப்பீர்கள். கூட்டத்தில் ஒரு மாவட்டம் சிவப்பாக வந்தால், அங்கே வேலை பார்க்கிறவரை எழுப்புவதற்கு முன், மேப் போட்டவரை எழுப்புங்கள். இந்த எண்ணை எதால் வகுத்தாய், நிறத்துக்கு எல்லை வைத்தது யார் என்று எல்லோர் முன்னிலையிலும் கேளுங்கள். அவர் தெளிவாகப் பதில் சொல்லும்வரை அந்த மேப்பை வைத்து யாருடைய வருமானத்திலும் கை வைக்காதீர்கள்.