சாவி யாரிடம்?

சென்னை–திருச்சி நெடுஞ்சாலையிலிருந்து சேலம் சாலை பிரியும் ஊர் உளுந்தூர்பேட்டை. இத்தகைய சந்திப்பில் விபத்தோ திருட்டோ நடந்தால், ‘கேமராவில் பதிவாகியிருக்கும்’ என்பதே முதலில் எழும் பேச்சு. கேமராவை ‘மூன்றாவது கண்’ என்றது காவல்துறை. நாமும் அது இமைக்காது, மறக்காது என்று நம்பத் தொடங்கினோம். ஆனால் லத்தீனில் கேமரா என்றால் அறை. சுவரிலிட்ட சிறு துளை வழியாக வெளியுலகம் தலைகீழாக வந்து விழும் இருட்டறையை 1604-இல் கெப்ளர் ‘கேமரா அப்ஸ்க்யூரா’ என்றார். அறையைக் குறித்த சொல் பின்னர் கருவிக்குப் பெயராயிற்று. நீதிமன்றங்களில் பழைய பொருள் இன்றும் வாழ்கிறது. அங்கே ‘இன் கேமரா’ விசாரணை என்றால் கதவடைத்து விசாரிப்பது.

வேர்ச்சொல்லைக் கொண்டு இன்றைய வழக்கை அளக்கலாமா என்று கேட்கலாம். கூடாதுதான். ஆனால் ‘கண்’ என்பதும் நாம் ஏற்றிச் சொன்னதே. இரண்டில் எது நடப்புக்குப் பொருந்துகிறது என்பதே கேள்வி. 2020 ஜூனில் சாத்தான்குளம் காவல் நிலையத்தில் தாக்கப்பட்ட ஜெயராஜும் பென்னிக்ஸும் இறந்தார்கள். அந்த நிலையத்தில் கேமராக்கள் இருந்தன. விசாரிக்கச் சென்ற நீதித்துறை நடுவர் கண்டது என்ன? வன்தட்டில் போதிய இடமிருந்தும், பதிவுகள் அன்றாடம் தாமாகவே அழியும்படி அமைக்கப்பட்டிருந்தது. கண்ணென்று நம்பியது, பூட்டும் சாவியும் பிறர் கையிலிருந்த அறையாக இருந்தது.

கேமராவால் எத்தனையோ திருடர்கள் பிடிபடவில்லையா? பிடிபட்டார்கள், அதை மறுக்க வேண்டியதில்லை. மூடிய அறையே தீது என்பதும் என் வாதமல்ல. பாலியல் வன்முறைக்கு ஆளான குழந்தையின் வழக்கை மூடிய அறையில் நடத்தச் சொல்கிறது போக்சோ சட்டத்தின் 37-ஆம் பிரிவு. அங்கே கதவு யாருக்காகச் சாத்தப்படுகிறது, யார் சாத்துகிறார் என்பது சட்டத்திலேயே இருக்கிறது. அதே தெளிவைத்தான் காவல் நிலையக் கேமராவுக்கும் கேட்கிறேன். 2020 டிசம்பர் 2 அன்று பரம்வீர் சிங் சைனி வழக்கில் உச்ச நீதிமன்றம் அதற்கு வழி செய்தது: எல்லாக் காவல் நிலையங்களிலும் கேமரா வேண்டும், அது இயங்குவதற்கு நிலையப் பொறுப்பு அதிகாரியே பொறுப்பு. பதிவைப் பாதுகாத்துத் தரும்படி கேட்கப் பாதிக்கப்பட்டவருக்கு உரிமை உண்டு என்பதை மக்கள் மொழியில் எழுதி வாசலிலேயே வைக்கவும் சொன்னது. உளுந்தூர்பேட்டை உட்பட ஒவ்வொரு நிலையத்திலும், புகார் கொடுக்க வருபவர் அந்தப் பலகையைத் தமிழில் படிக்க முடிய வேண்டும்.