செங்டு பயணம்: பாண்டாக்கள் தூங்குவதற்குள் போய்விடுங்கள்!

சீனாவின் சிச்சுவான் மாகாணத் தலைநகர் செங்டு. இங்கே வருகிற பலருடைய பட்டியலிலும் முதலிடம் பாண்டாவுக்குத்தான். ஆனால், ஹோட்டலில் நிதானமாகச் சாப்பிட்டுவிட்டு 11 மணிக்குக் கிளம்பினால், பெரும்பாலும் தூங்கிக்கொண்டிருக்கும் கறுப்பு வெள்ளை முதுகைத்தான் பார்க்க முடியும். டூர் குழுவோடு செல்லாமல் சொந்தமாகச் சுற்றுபவர்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு. பாண்டாவின் நேரத்துக்கு ஏற்றபடி தங்கள் நேரத்தை மாற்றிக்கொள்ளலாம்.

காலை உணவு நேரம்

பாண்டா இனப்பெருக்க ஆய்வு மையம் நகரின் வடக்குப் பகுதியில் இருக்கிறது. மெட்ரோ 3-ம் வழித்தடத்தில் 'பாண்டா அவென்யூ' நிலையத்தில் இறங்கி, அங்கிருந்து பஸ் பிடிக்கலாம். டிக்கெட்டை ஆன்லைனில் பாஸ்போர்ட் விவரம் கொடுத்து முன்பே எடுத்துவிடுவது நல்லது. உள்ளே நுழையும்போதும் பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும்.

வாசல் திறக்கும்போதே உள்ளே போய்விட்டால், காலைச் சாப்பாட்டில் இருக்கும் பாண்டாக்களைப் பார்க்கலாம். காலை நீட்டி உட்கார்ந்து, மூங்கிலைக் கரும்பு கடிப்பதுபோல் கடிக்கும் அழகே தனி! தின்பதில் ஐந்தில் ஒரு பங்குகூடச் சரியாகச் செரிக்காது. அதனால் நாளில் பாதி நேரம் சாப்பாட்டிலேயே போகிறது. மீதி நேரம் தூக்கம்தான்.

வெப்பம் 26 டிகிரியைத் தாண்டினால் அவற்றைக் குளிரூட்டிய அறைக்குள் கொண்டுபோய்விடுவார்கள். பிறகு கண்ணாடி வழியாகத்தான் பார்க்க வேண்டும். ஆகவே, கோடையைவிட வசந்தமும் இலையுதிர் காலமும் ஏற்றவை. 'ஹுவா ஹுவா' என்ற பிரபல பாண்டாவைப் பார்க்க நீண்ட வரிசை நிற்கும். சில நிமிடங்களில் நகரச் சொல்லிவிடுவார்கள். அந்த நேரத்தில் செம்பாண்டாக்கள் இருக்கும் பக்கம் போகலாம். நம் சிக்கிம் மாநில விலங்கும் இதே செம்பாண்டாதான்.

ஆறில் தொடங்கிய கதை

இந்த இடத்தை வெறும் விலங்குக் காட்சிச்சாலையாக நினைத்துவிடக் கூடாது. 1980-களில் சிச்சுவான் மலைகளில் மூங்கில் பரவலாகப் பூத்துக் காய்ந்துபோனது. பூத்ததும் மடிவது மூங்கிலின் இயல்பு. ஆனால், அதை மட்டுமே நம்பியிருந்த பாண்டாக்கள் பசியில் வாடின. அப்படிக் காட்டில் மீட்கப்பட்ட ஆறு பாண்டாக்களோடு 1987-ல் தொடங்கியதுதான் இந்த மையம். பிறக்கும்போது சுமார் 100 கிராம் எடைதான் இருக்கும் குட்டியைக் காப்பாற்றி வளர்ப்பது எளிதான காரியமல்ல.

2015-ல் வெளியான கணக்கெடுப்பின்படி காட்டில் 1,864 பாண்டாக்கள் இருந்தன. 2016-ல் சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அவற்றை 'அருகிவரும் இனம்' என்ற நிலையிலிருந்து ஒரு படி இறக்கி, 'பாதிப்புக்குள்ளாகக்கூடிய இனம்' என்று அறிவித்தது. ஆனாலும் சாலைகளும் ஊர்களும் காட்டைத் துண்டாக்கியதால், அவை சிறுசிறு கூட்டங்களாகப் பிரிந்து கிடக்கின்றன. அந்தத் துண்டுகளை இணைக்கவே 2021-ல் பாண்டா தேசியப் பூங்கா உருவானது. அங்கே ஒரு காட்டுப் பாண்டா யார் கண்ணிலும் படாமல் வாழ்வதுதான் உண்மையான வெற்றி.

அதனால், கண்ணாடியைத் தட்டுவது, கத்திக் கூப்பிடுவது, தின்பண்டம் எறிவது எதுவும் வேண்டாம். பொருள் எறிந்தவர்களுக்கு இந்த மையம் வாழ்நாள் தடையே விதித்திருக்கிறது!

மதியத்துக்குப் பிறகு...

பாண்டாக்கள் தூங்கப் போனதும் மக்கள் பூங்காவுக்குக் கிளம்பலாம். மூங்கில் நாற்காலியில் சாய்ந்து, மூடி போட்ட கோப்பையில் டீ குடித்தபடி மணிக்கணக்கில் உட்காரலாம். காது சுத்தம் செய்பவர்கள் கருவிகளோடு சுற்றி வருவார்கள்.

சைவம் சாப்பிடுபவர்கள் ஹாட்பாட்டில் கவனமாக இருக்க வேண்டும். காய்கறி மட்டும் போட்டாலும், காரக் குழம்பில் மாட்டுக்கொழுப்பு இருப்பது வழக்கம். வென்ஷு புத்த மடாலயத்தின் சைவ உணவகம் நல்ல மாற்று.

இன்னொரு நாள் இருந்தால், அதிவேக ரயிலில் துஜியாங்யான் போய் வரலாம். அணையே கட்டாமல் ஆற்றைப் பிரித்து, 2,200 ஆண்டுகளுக்கு மேலாக வயல்களுக்குத் தண்ணீர் தரும் பாசன அமைப்பு அது.

கிளம்பும் முன், அலிபேயில் உங்கள் கார்டை இணைத்துவிடுங்கள். கூகுள் மேப்ஸை நம்ப வேண்டாம். ஹோட்டல் முகவரியைச் சீன எழுத்தில் போனில் வைத்துக்கொள்ளுங்கள். முக்கியமாக, அலாரத்தை விடியற்காலைக்கு வையுங்கள்!