இனிஷியல் சர்வர் ஏறுகிறது

பழைய மகாபலிபுரம் சாலையில் ஓர் அலுவலகம். காப்பீட்டு வாடிக்கையாளர் பட்டியலில் ஒரே ஆள் இரண்டு மூன்று பெயரில் இருக்கிறாரா என்று பார்ப்பது அங்கே ஒரு குழுவின் வேலை. கே. முத்துக்குமார், முத்துக்குமார் கே, முத்துக்குமார் கந்தசாமி: நமக்குப் பார்த்ததுமே சந்தேகம் வரும். மென்பொருளுக்குச் சொல்லிக்கொடுத்தால்தான் வரும்.

சொல்லிக்கொடுத்தது விண்டோஸ் கணினியில், சாஸ் நிறுவனத்தின் டேட்டா மேனேஜ்மென்ட் ஸ்டுடியோவில். இனிஷியலைக் குடும்பப் பெயராக எண்ணிவிடாதபடி இந்திய ஆங்கில லோகேலில் (அந்த மொழிக்கும் நாட்டுக்குமான விதித் தொகுப்பில்) பெயரைக் கையாளும் ஒரு விதியை, அதாவது டெஃபனிஷனைத் திருத்தியிருந்தார்கள். நான் போயிருந்த அன்று அதை லினக்ஸ் சர்வருக்கு ஏற்றினார்கள்.

"அந்த ஒரு டெஃபனிஷனை மட்டும் எடுத்துப் போட்டா போதாதா?" என்று கேட்டேன். பொறியாளர் சிரித்துக்கொண்டே அதைத் திறந்து காட்டினார். உள்ளே பெயர்களில் வரும் சொற்களின் வொக்காபுலரி, அவற்றின் வரிசையைச் சொல்லும் கிராமர், திருத்தச் சொற்களுக்கான ஸ்கீம் என்று வேறு ஃபைல்களுக்கு ஏகப்பட்ட இணைப்புகள். "வொக்காபுலரி வராம டெஃபனிஷன் மட்டும் வந்தா என்ன சார் பண்ணும்? அதே வொக்காபுலரியை இன்னொரு டெஃபனிஷனும் நம்பியிருக்கும், அதையும் பாக்கணும்." அதனால் இவையெல்லாம் இருக்கும் க்யூ.கே.பி. (குவாலிட்டி நாலெட்ஜ் பேஸ்) ஃபோல்டரை முழுசாகவே நகலெடுத்தார்கள். பழையதன் மேல் எழுதவில்லை. பக்கத்தில் புதுப் பெயரில் வைத்து, சர்வர் கான்ஃபிகில் பாதையை மட்டும் மாற்றினார்கள். ஏதாவது சொதப்பினால் பாதையைத் திருப்பினால் போதும். எனக்கு இந்த ஏற்பாடு ரொம்பப் பிடித்தது.

சில்லறை வேலைகளும் இருந்தன. சர்வர் எந்தப் பயனர் கணக்கில் ஓடுகிறதோ அதற்குப் படிக்கும் அனுமதி வேண்டும். விண்டோஸ் கண்டுகொள்ளாத பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசத்தை லினக்ஸ் விடாது. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் சாஸ் செஷன் நினைவகத்தில் இருக்கும் பழைய லோகேலையே வைத்திருக்கும், லோகேலை நினைவகத்தில் ஏற்றும் டி.க்யூ.லோட் மேக்ரோவை மறுபடி ஓட்ட வேண்டும்.

பிறகு அதே பெயர்களை இரண்டு பக்கமும் ஓட்டி மேட்ச்கோடுகளை, அதாவது பெயர்களை ஒப்பிட மென்பொருள் போடும் குறியீடுகளை, அருகருகே வைத்தார்கள். எழுத்தும் டாலர் குறியும் கலந்த சரங்கள். ஒப்பீடு எவ்வளவு கறாராக இருக்க வேண்டும் என்று சொல்லும் சென்சிட்டிவிட்டி இரண்டிலும் 85. அது 50 முதல் 95 வரை போகும். ஒரு பக்கம் வேறு எண் இருந்தால் ஒப்பிட்டே பயனில்லை. கோடுகள் வரிக்கு வரி ஒத்துப்போயின.

வேலை முடிந்தது என்று நான் எழுந்தேன். பொறியாளர் எழவில்லை. டேட்டாபேஸில் ஏற்கெனவே சேமித்திருக்கும் மேட்ச்கோடுகள் பழைய டெஃபனிஷன் உருவாக்கியவை. நாளை வரும் புதுப் பதிவு புதிய கோடோடு வரும். ஆள் ஒன்றாக இருந்தும் இரண்டும் சேராமல் போகலாம், பிழைச் செய்தியும் வராது. இந்த வேலையில் ஆபத்தான இடம் ஃபைல் நகர்த்துவது அல்ல, இதுதான் என்று எனக்குப் பட்டது. "மொத்த டேபிளுக்கும் கோடு திரும்பப் போட்டுட்டுத்தான் பாலிசி டீமுக்குத் திறந்து விடுவோம்" என்றவர், இரவு ஜாப் பட்டியலில் அதை முதல் வரிசைக்கு நகர்த்தினார்.