வேலிக்கு வெளியே ஒரு பழம்

மலேசியாவில் பள்ளிக்கூடம் போன யாரைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் பந்துன் என்ற நாலடி மலாய்ப் பாட்டு ஒன்றைச் சொல்லிவிடுவார்கள். வேலிக்கு வெளியே செம்பெடாக் பழம் தொங்குகிறது. கொம்பை எடுத்துத் தட்டச் சொல்கிறது பாட்டு. அதோடு இரண்டடி முடிந்தது. மூன்றாம் அடியில் பழமும் இல்லை, வேலியும் இல்லை. நான் இப்போதுதான் படிக்கத் தொடங்கிய பிள்ளை, தப்பிருந்தால் சொல்லிக்கொடுங்கள் என்று பாட்டு வேறு பக்கம் போய்விடுகிறது. மேடையில் கால் நடுங்கும் பிள்ளைகளுக்கெல்லாம் இதுதான் ஊன்றுகோல்.

கெடாவின் பாடாங் மேஹாவில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தபோது அவள் மகள் இரண்டு நோட்டுகளை விரித்து வைத்திருந்தாள். மலாய் நோட்டில் பந்துன். முன்னிரண்டு அடிகள் 'பெம்பாயாங்', பின்னிரண்டு 'மக்சூட்'. பாயாங் என்றால் நிழல், மக்சூட் என்றால் கருத்து. தமிழ் நோட்டில் உள்ளுறை உவமம்: வெளியே இயற்கைக் காட்சி, உள்ளே சொல்லாமல் விட்ட கருத்து. "மாமா, ரெண்டும் ஒண்ணுதானே?" என்றாள். இதே இரண்டையும் அடுத்தடுத்த பாடவேளைகளில் படித்த எனக்கு அந்தக் கேள்வி ஒருநாளும் தோன்றியதில்லை. ஒன்றிலிருந்து மற்றது வந்ததா என்று தேடத் தொடங்கியது அன்றுதான்.

கெடாவில் உட்கார்ந்துகொண்டு தேடினால் ஆசை முந்திக்கொள்ளும். பட்டினப்பாலை, காவிரிப்பூம்பட்டினத்தில் வந்து குவிந்த சரக்குகளில் காழகத்துப் பொருள்களையும் சேர்க்கிறது. காழகம் என்பது கடாரம் என்று நச்சினார்க்கினியர் உரை எழுதினார். கடாரம்தான் இந்தக் கெடா. இங்குள்ள பூஜாங் பள்ளத்தாக்கில் பழைய கோயில் அடித்தளங்கள் கிடைத்திருக்கின்றன. கப்பல் மலாயில் 'காப்பால்', கடை 'கெடாய்', மாம்பழம் 'மெம்பெலாம்' ஆயிற்று. மாம்பழமே கடல் தாண்டியிருக்கிறது, உள்ளுறை தாண்டாதா?

தாண்டவில்லை என்றுதான் சொல்ல வேண்டியிருக்கிறது. முதல் தடை ஓசை. தமிழ்ச் செய்யுளுக்கு மோனையும் எதுகையும் உயிர். இரண்டும் அடியின் தலையில் நிற்பவை. பந்துன் அடியின் வாலைப் பிடித்துக்கொண்டு நடக்கிறது: முதலடியும் மூன்றாமடியும் ஓர் ஓசையில் முடியும், இரண்டும் நான்கும் இன்னோர் ஓசையில். தமிழில் இதை இயைபு என்போம். சங்கப் பாட்டு அதைப் பெரிதாகப் பொருட்படுத்தியதில்லை. இரண்டாவது தடை, பந்துனுக்கு வீட்டுப் பக்கத்திலேயே உறவினர் இருக்கிறார்கள். ஜாவாவின் 'பாரிக்கான்' இரண்டே அடியில் இதே வேலையைச் செய்கிறது. வேர் இந்தத் தீவுக்கூட்டத்து மண்ணில்தான்.

பந்துன் வெளியே போன கதை வேறு. வில்லியம் மார்ஸ்டன் 1812இல் வெளியிட்ட மலாய் இலக்கண நூலில் சில பந்துன்களைச் சேர்த்தார். அங்கிருந்து பிரெஞ்சுக்குப் போய், 1829இல் விக்டர் ஹ்யூகோ தன் கவிதை நூலின் குறிப்புகளில் ஒன்றை அச்சிட்டார். அதிலிருந்து 'பாந்தூம்' என்றொரு பிரெஞ்சு வடிவமே கிளைத்தது. நம் பக்கத்தில், தமிழ் வழிவந்த மலாக்கா செட்டிகள் பந்துன் பாடுகிறார்கள். 2020இல் யுனெஸ்கோ பட்டியலிலும் பந்துன் ஏறியது.

பிறப்பு ஒன்றல்ல. ஆனால் செயல்பாடு? தேடலில் எனக்குப் பிடித்த இடம் இதுதான்.

அக்கா மகளுக்குக் குறுந்தொகையின் எட்டாம் பாட்டை எடுத்துக் காட்டினேன். ஆலங்குடி வங்கனார் பாடியது. பேசுபவள் பரத்தை. தலைவனின் ஊரில், வயலோர மாமரத்திலிருந்து தானே உதிரும் பழத்தைக் குளத்து வாளைமீன் கவ்விக்கொள்ளும் என்கிறாள். கொம்பெடுத்துத் தட்ட வேண்டிய செம்பெடாக் அங்கே. தானாய் விழும் மாம்பழம் இங்கே. அவனை நான் பறிக்கவில்லையம்மா, அவனேதான் வந்து விழுந்தான் என்பது அவள் வாதம். அதை வாயால் சொல்லவில்லை. மீனையும் பழத்தையும் சொல்லவைத்தாள். பிறகு, அவன் தன் மனைவியின் முன்னே கண்ணாடியில் தெரியும் உருவம்போல் ஆடுகிறான் என்று நேராகவே ஓர் உவமையைப் போடுகிறாள். ஒளித்து வைத்த உவமையும் வெளிப்படையான உவமையும் ஆறே அடியில்.

தொல்காப்பியம் உள்ளுறைக்குப் போடும் நிபந்தனை நுட்பமானது: தெய்வம் தவிர்த்த கருப்பொருள்களில்தான் அதைக் கட்ட வேண்டும். மரம், மீன், பறவை, தொழில் என்று அந்த நிலத்திலேயே இருப்பவை. நிலத்தை அறியாதவனுக்கு அது வெறும் வருணனை.

பந்துனின் நிழலடிக்கு அந்தக் கட்டாயம் இல்லை. வேலியைக் குறிக்கும் 'பாகார்' என்ற சொல், கற்பதைக் குறிக்கும் 'பெலாஜார்' வரப்போகிறது என்று காதுக்கு முன்கூட்டியே சொல்கிறது. பல பந்துன்களில் உறவு அவ்வளவுதான். அதற்கு மேலும் தேடியவர்கள் உண்டு; 1933இல் இந்தோனேசிய அறிஞர் ஹுசைன் ஜாஜாடினிங்ராட் பந்துனின் மந்திரப் பின்னணியைப் பற்றியே ஓர் உரை நிகழ்த்தினார். எனக்கென்னவோ, நல்ல பந்துன் ஓசையோடு நிற்பதில்லை என்றே படுகிறது. கைக்கு எட்டாத பழத்துக்குக் கொம்பு வேண்டும். புதிதாய்ப் படிப்பவனுக்கு ஆசான் வேண்டும். இதைப் பாட்டு சொல்லவில்லை. கேட்பவர் சேர்த்துக்கொள்கிறார்.

யாப்பை உதறிய பிறகும் இந்த வித்தை போகவில்லை. ந. பிச்சமூர்த்தி 1934இல் தொடங்கிவைத்த புதுக்கவிதை, மலேசியாவில் 1964இல் சி. கமலநாதன் கையால் வந்தது. ரப்பர்த் தோட்டத்தை எழுதும் கவிஞனுக்குப் பால்மரமும் பால் வடியும் மங்கும் ஒட்டுப்பாலும் கருப்பொருள்கள். பெரட்டுக்கு, அதாவது காலை ஆளெடுப்புக்கு, நின்று, இருட்டோடு மரம் சீவப்போகும் நேரம் வைகறை; தொல்காப்பியத்தில் அது மருதத்தின் பொழுது. மருதத்துக்கு உரியது ஊடல். சீவப்போகிறவளுக்கு ஊடவா நேரம்?

இவ்வளவும் சொன்ன பிறகு அக்கா மகள் கேட்டாள்: "வாளைன்னா என்ன மீன்?"

இங்கத்து ஆறுகளில் கிடைக்கும் 'தாப்பா' அதன் உறவு, இரண்டும் ஒரே குடும்பம் என்றேன். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "தாப்பாவா? அதோட வாயைப் பார்த்திருக்கீங்களா மாமா? எது விழுந்தாலும் கவ்வும். பழம்தான் விழுந்துச்சுன்னு அந்தப் பொம்பளை சொன்னா, நீங்க நம்பிட்டீங்களா?"

நோட்டில் வாளைக்குப் பக்கத்தில் தாப்பா என்று எழுதி, கீழே ஒரு கோடு போட்டுக்கொண்டாள்.