தாயைப் பார்த்து நாகு வைத்தல்

மாரி வேளாண்மைக்கு வயல்கள் உழப்படுவதற்கு முன், ஆண்டுக்கொருமுறை, எங்கள் பட்டியில் ஒரு தேர்வு நடக்கும். எந்த நாகுகளை இனம் பெருக்க வைத்துக்கொள்வது, எவற்றை விற்பது என்பதைத் தந்தையார் அன்று முடிவு செய்வார். படுவான்கரையில் விதைப்பு விழுந்துவிட்டால் மாடுகளுக்கு அங்கே இடமில்லை. அவை மேற்கே காட்டோர மேய்ச்சற்றரைகளுக்குச் சென்று, அறுவடைக்குப் பின்னரே வயற்றாளை மேயத் திரும்பும். ஆகவே பயணத்துக்கு முன் பட்டியைச் சுருக்குவது வழக்கம்.

சிறுவனாயிருந்த நான், கொழுத்து மினுமினுக்கும் நாகையே சுட்டிக் காட்டுவேன். "கண்டப் பாக்காத மகன், தாயப் பாரு" என்பார் தந்தையார். பின்னர் பட்டிக்காரரின் பக்கம் திரும்பிக் கேள்விகளை அடுக்குவார். தாய் சென்ற ஆண்டு ஈன்றதா? தானாக ஈன்றதா, கை கொடுக்க வேண்டியிருந்ததா? ஈன்ற கன்றை உடனே நக்கி எழுப்பிக் கடும்புப்பால் ஊட்டிற்றா? அதன் காம்பு கன்றின் வாய்க்கு அடங்குமா? நரி வந்தால் ஓடுமா, எதிர்த்து நிற்குமா? கோடையில் உடல் வற்றியும் கன்றைக் காத்ததா?

பட்டிக்காரர் எழுத்தறியாதவர். ஆயினும் நூற்றுக்கு மேற்பட்ட பசுக்களின் வரலாறு அவர் நினைவில் பிசகாமல் இருந்தது. எங்கள் பட்டியின் நலமெல்லாம் அவர் கண்ணும் காலும் உழைத்த உழைப்பின் பயன். அவருக்குக் கிடைத்த கூலியோ பாலும், ஆண்டு முடிவில் சில கன்றுகளும். மற்றக் கன்றுகளிலெல்லாம் எங்கள் குடும்பத்தின் குறியே சுடப்பட்டது.

இன்னொன்றையும் மறைக்காமற் சொல்ல வேண்டும். மட்டக்களப்புப் பட்டி என்றதும் பலருக்குத் தயிர்ச்சட்டியே நினைவுக்கு வரும். எங்கள் நாம்பன் கன்றுகளோ வளர்ந்தபின் இறைச்சிக்கே விற்கப்பட்டன. வீட்டில் எவரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. நான் பல்கலைக்கழகத்தில் தமிழ் கற்றதற்கான செலவு அந்த விற்பனையிலிருந்துதான் வந்தது. பாலும் இறைச்சியும் என் படிப்பும் ஒரு நல்ல தாய்ப்பசுவின் உழைப்பிலேயே தொடங்கின.

ஆசிரியனான பின் அமெரிக்க இறைச்சிமாட்டுப் பண்ணைகளைப் பற்றி வாசித்தேன். அங்கே தந்தையாரின் கேள்விகளையே எண்களாகக் கண்டபோது வியப்படைந்தேன். பசுவின் சினைக்காலம் ஏறத்தாழ 283 நாள். ஆண்டுக்கொரு கன்று வேண்டுமாயின், ஈன்ற 82 நாளுக்குள், கன்றுக்குப் பாலூட்டிக்கொண்டே அது மீண்டும் சினைப்பட வேண்டும். தவறிய பசுவைப் பட்டியிலிருந்து நீக்குவார்கள். கன்றின் எடையை 205 நாள் வயதுக்குக் கணித்து, அதைக்கொண்டு தாயை மதிப்பிடுவார்கள். காளைக்குப் பாலில்லை, எனினும் அதன் மகள்மார் ஊட்டும் பாலில் அதற்கும் பங்குண்டு. காளையைத் தேர்ந்ததில் நேர்ந்த பிழை, அம்மகள்மாரும் ஈன்று கன்று வளர்க்கும் காலத்திலேயே, அதாவது நான்கைந்து ஆண்டுகள் கழித்தே, வெளிப்படும்.

அப்பண்ணையாளருள் ரொம் லசேற்றர் என்பவர் என்னை மிகவும் கவர்ந்தார். ஹெரிபோட், சோட்கோர்ண், இந்திய வழிவந்த பிராமன் என்பவற்றின் கலப்பில் அவர் வளர்த்த பீவ்மாஸ்ரர் மாட்டை 1954 இல் அமெரிக்க அரசு தனியினமாக ஏற்றது. சாந்தகுணம், இனவிருத்தி, எடை, உடலமைப்பு, தாங்குதிறன், பால் ஆகிய ஆறுமே அவர் தேர்வின் அளவைகள். நிறத்தை அவர் பொருட்படுத்தவில்லை. மேய்ச்சல் நிலத்தில் தன் கன்றைத் தானே வளர்க்க இயலாத பசுவுக்கு அவர் பட்டியில் இடமில்லை.

இங்கே சிந்திக்க வேண்டிய உண்மை ஒன்றுண்டு. பால் கூடக்கூடத் தாய் சிறந்ததாகும் என்று நாம் எண்ணுகிறோம். பெருத்த உடலுக்கும் மிகுந்த பாலுக்கும் மிகுந்த தீனி வேண்டும். தரை வறியதாயின் அத்தகைய பசு மெலியும், மெலிந்தது சினைப்படாது. அவ்விடத்தில், சிறிய பசுவொன்று தன் எடையில் பாதியளவு கன்றை ஆண்டுதோறும் வளர்த்துத் தருமாயின் அதுவே சிறந்த தாய். எனவே தாய்மை என்பது பசுவின் உடலில் மட்டும் உறையும் குணமன்று. பசுவும் நிலமும் கூடி உண்டாக்கும் குணம். 2017 முதல் அவுஸ்திரேலியாவிலிருந்து சினைப்பட்ட கறவை நாகுகள் ஆயிரக்கணக்கில் நம் நாட்டுக்குக் கொண்டுவரப்பட்டன. பல இறந்தன, வாங்கியோருட் பலர் கடனில் ஆழ்ந்தனர். அந்த மாடுகள் மீது குற்றமில்லை. அவற்றின் தாய்மை வேறொரு நிலத்துக்கும் வேறொரு தீனிக்கும் உரியது.

நிலத்துக்கேற்ற மாடோ எங்களிடம் உண்டு. இன்று குறைந்து வருவது நிலம். மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சற்றரைகளில் அத்துமீறிய பயிர்ச்செய்கையை எதிர்த்து, 2023 செப்ரெம்பரில் பண்ணையாளர்கள் சித்தாண்டியில் தொடங்கிய அறப்போராட்டம் நெடுநாள் நீடித்தது. அவர்கள் சலுகை எதனையும் கேட்கவில்லை. மேய்ச்சற்றரையை எல்லையிட்டு, வர்த்தமானியில் அறிவித்து, பாதுகாத்துத் தரும்படியே கேட்டார்கள்.

சென்ற மாரிக்கு முன்பும் எங்கள் பட்டியில் தேர்வு நடந்தது. முதுமையடைந்த தந்தையார் வழமைபோலத் தாயைப் பற்றிக் கேட்டார். பட்டிக்காரரின் மகன் குறையொன்றும் சொல்லவில்லை. ஆண்டு தவறாமல் ஈன்ற தாய், நரிக்கு அஞ்சாத தாய். நாகு தேறிவிட்டதென்றே நான் எண்ணினேன். தந்தையார் சற்றுநேரம் அதன் முதுகைத் தடவிவிட்டு, அதனை விற்பனைக்குரியவற்றோடு நிறுத்தினார்.

"தாய் நல்லதுதானே?" என்றேன்.

"தாய் நல்லதுதான் மகன். எங்க கொண்டு மேய்க்கிற?" என்றார்.

அக்கேள்விக்கு நான் கற்ற தமிழில் விடையில்லை. விடை சொல்ல வேண்டியவர்கள், நிலத்தைப் பங்கிடும் அதிகாரம் உடையவர்கள். அவர்கள் வாய் திறக்கும்வரை அதனை உரக்கக் கேட்பதே நம்போன்றோரின் கடமை.